கிறிம்பிளின் நூலும் பனாபாவின் மண்ணும்

இன்று கிரிபாத்தி எனப்படும் பசுபிக் தீவுகளைப் பற்றி ஆங்கில வாசகர் கொண்டிருந்த படிமத்தை உருவாக்கியதில், ஆதர் கிறிம்பிள் 1952இல் வெளியிட்ட ‘எ பற்றேர்ண் ஒஃப் ஐலண்ட்ஸ்’ என்னும் நினைவுநூலுக்குப் பெரும் பங்குண்டு. 1914இல் அங்கு சென்ற இளம் அதிகாரி, தீவு மக்களிடம் மரியாதை கற்கிறான், தவறுகிறான், தன்னையே எள்ளி நகையாடுகிறான், எட்டுக்கால் கணவாயைப் பிடிப்பதற்குத் தன் உடலையே இரையாகவும் கொடுக்கிறான். இதனை வெறும் ஏகாதிபத்தியப் பொய்யென நாம் ஒதுக்கிவிட முடியாது. மக்களின் மொழியைக் கற்று, அவர்தம் வாய்மொழி மரபுகளைப் பதிவு செய்த உழைப்பு மெய்யானதே.

ஆயின், அவ்வதிகாரி முதலில் காலடி வைத்த பனாபா, ஆறு சதுர கிலோமீற்றர் அளவேயான பொஸ்பேற்றுப் பாறை. 1900இல் ஆண்டுக்கு 50 பவுண் வீதம் 999 ஆண்டுகளுக்கு அகழும் உரிமையை ஆங்கிலக் கம்பனியொன்று பெற்றது. ஒப்பமிட்டவரை ‘அரசர்’ என்றனர். அத்தீவு முழுவதற்கும் ஒப்பமிடும் அதிகாரம் படைத்த அரசர் எவரும் அங்கிருந்ததில்லை. 1920இல் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் அச்சுரங்கத்தைத் தமதாக்கின. பனாபாவின் மண் மலிவு விலை உரமாகத் தெற்கின் மேய்ச்சல் நிலங்களைச் சென்றடைந்தது. 1928இல் மேலும் 150 ஏக்கர் கொடுக்க மக்கள் மறுத்தபோது, புவாகோனிகை ஊராருக்கு அச்சுறுத்தற் கடிதம் எழுதிய வதிவிட ஆணையாளர் வேறெவருமல்லர், கிறிம்பிளே.

1952இல் நூலை எழுதியவர் இவையனைத்தையும் அறிந்திருந்தவர். 1945 டிசெம்பரில் பனாபா மக்கள் பிஜியின் றாபித் தீவில் இறக்கப்பட்டு ஏழாண்டுகள் கழிந்திருந்தன. எனவே, இங்கு ஆராயப்படவேண்டியது ஆசிரியரின் நேர்மையன்று, அவர் தேர்ந்த வடிவமே. மாணவனாகக் காட்சியளிப்பவனை ஆள்பவனாக வாசகன் காண்பதில்லை. நினைவுகள் இளமையோடு நின்றுவிடுவதால், ஆணையாளன் கதைக்குள் நுழைய வேண்டியதுமில்லை. கடிதத்தின் மிரட்டலும் நூலின் பரிவும் முரண்படுவனவும் அல்ல. மக்களைக் குழந்தைகளாகக் காணும் ஒரே நோக்கின் இரு முகங்கள் அவை.

1976இல் இலண்டன் நீதிமன்றம் அக்கடிதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. எனினும், பனாபா மக்களின் நலன் காக்கும் கடப்பாட்டை அரசு மீறியது என்ற வழக்கு தோற்றது. (கண்டனத்துக்குச் செலவில்லை!) கிரிபாத்தி சுதந்திரமடைந்த 1979இல் அகழ்வும் முடிந்தது, கொடுப்பதற்கு அத்தீவில் எஞ்சியிருந்தது சொற்பமே.

கற்றரீனா ரெயைவா 2014இல் வெளியிட்ட ‘கொன்சியூமிங் ஓஷன் ஐலண்ட்’, அக்கல்லைத் தொலைதூர வயல்கள் வரை பின்தொடர்வதால் கிறிம்பிளுக்குத் தக்க மறுமொழியாகின்றது. ஆயினும், அதற்கு முன்னரே மறுமொழி பிறந்துவிட்டது. றாபியின் ஆடற் குழுவினர் கம்பனியின் வருகையையும் நிலம் அகழப்பட்டதையும் தம் உடல்களாலேயே நடித்துக் காட்டி வந்துள்ளனர்.