சிலம்பும் காணியும்

நம் நாட்டு மேடைகளில் சிலப்பதிகாரத்தைப் பற்றி நிகழும் பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. கற்பின் பெருமையை ஒரு மணி நேரம் முழக்கி, மதுரை எரிந்ததோடு பேச்சை முடித்துக்கொள்வது பிரசங்கிமார் வழக்கம். கேட்டிருந்த பெண்மக்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு லயத்திற்குத் திரும்புவர். இத்தகைய பேச்சுக்களைப் பல்லாண்டு கேட்டுவந்த நமக்கு ஓர் ஐயம் உண்டு. அந்தச் சிலம்பு யாருடையது?

இது விளையாட்டுக் கேள்வியன்று. ஆங்கிலப் பள்ளியில் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' படித்த காலத்தில், அதில் வரும் கடன் பத்திரத்தை வரிவரியாக ஆராயும்படி ஆசிரியர் நம்மை வற்புறுத்துவார். நம் காப்பியத்தில் கொலைக்கும் ஊர் அழிவுக்கும் காரணமாய் நின்ற ஒரு சொத்தைப் பற்றி அவ்வாறு விசாரிப்பாரைக் காணோம்.

விசாரித்தால் காண்பது என்ன? குன்றுபோன்ற குலச்செல்வத்தை மாதவி மனையில் தொலைத்துவிட்டு நாணத்தோடு வருகிறான் கோவலன். கண்ணகி முறுவலித்து, சிலம்பு இருக்கிறது, கொள்க என்கிறாள். அவ்விடத்தில் 'என்னுடைய' என்ற சொல் அவள் வாயில் இல்லை. உடனே கோவலன், இதனை முதலாகக் கொண்டு, முன்னர்ப் போன நகைகளையும் பொருளையும் மதுரையிலே ஈட்டுவேன், எழுக என்கிறான். 'முன்னர்ப் போன நகைகள்' என்பதைக் கவனிக்க. இவளுடைய மற்ற அணிகள் எப்போதோ போய்விட்டன. போனபோது இவளைக் கேட்டார் உண்டா என்று நூல் சொல்லவில்லை. எங்கே போவது, எப்போது புறப்படுவது, எதனை விற்பது என்னும் மூன்றனுள் ஒன்றேனும் அவளோடு ஆலோசிக்கப்பட்டதாக இல்லை. பொழுது விடியுமுன் இருவரும் புகாரை நீங்குகின்றனர்.

பின்னர் மதுரையிலே கோவலன் தன் பிழையை நினைந்து வருந்தி, யான் அழைத்ததும் ஏன் எழுந்து வந்தாய் என்கிறான். அதற்குக் கண்ணகி கூறும் மறுமொழி, காப்பியத்துள் நம்மை மிகவும் உறுத்தும் பகுதிகளுள் ஒன்று. நீர் பிரிந்திருந்த நாளில் அறவோரைப் பேணவும், விருந்தினரை எதிர்கொள்ளவும் இயலாது அவற்றை இழந்தேன் என்கிறாள். உம் சொல்லை மாற்றாத உள்ளத்தோடு வாழ்ந்தமையின் எழுந்தேன் என்கிறாள். மாமியார் தனி மனை வகுத்து, செல்வம் நிறைத்துக் குடிவைத்த பெண் இவள். அம்மனையில் இருந்தும், கணவன் படி தாண்டிய அன்றே விருந்தினருக்கு இலை போடும் உரிமை இவளை விட்டுப் போயிற்று! வீடு இருந்தது, வீட்டில் ஒன்றைச் செய்யவும் விடவும் அதிகாரம் இல்லை. இதனைக் கற்பு என்று போற்றுவார் போற்றுக. நமக்கு இது, வீட்டில் தன் பேரால் ஏதுமில்லாத ஒருத்தியின் நிலையாகவே தோன்றுகிறது.

இதற்கு எதிரே, அதே காண்டத்தில், இளங்கோவடிகள் மற்றொரு பெண்ணை நிறுத்தியிருக்கிறார். மேடையேறுவோர் அவளைத் திரும்பியும் பாரார். அவள் மாதரி, மதுரைப் புறஞ்சேரியை அடுத்த ஆயர் குடியைச் சேர்ந்த முதியவள். இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டு வரும் வழியில் கவுந்தியடிகளைக் கண்டு வணங்குகிறாள். அடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்புவிக்கிறார். மாதரி யாரையும் கேட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. அழைத்துப் போகிறாள், செம்மண் பூசிய பந்தரோடு கூடிய காவலுள்ள சிறு மனையைக் கொடுக்கிறாள், தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள், சாலி அரிசி, பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம் ஆகியவற்றோடு பாலின் பயனும் வருகின்றன. புகார் நகரத்து வணிகர் திருமகள் இழந்தேன் என்று அழுத விருந்தோம்பலை, மோர் விற்கும் குடியில் பிறந்த ஒருத்தி கேட்பாரின்றி நடத்துகிறாள்.

இவளிடம் இருந்தது என்ன? நிலப்பத்திரம் இருந்ததாக நூல் கூறவில்லை, நாமும் கூறோம். ஆனால் ஆவும் அதன் பயனும் அக்குடியின் வாழ்வு. அரண்மனைக்கு நெய் அளக்கும் முறை இன்று நமக்கு என்று ஆய்ச்சியர் குரவையின் தொடக்கத்தில் மாதரி கூறுகிறாள். அரசன் வீட்டோடு நேரே கொடுக்கல் வாங்கல் உள்ளவள் அவள். காலில் கிடக்கும் பொன் வேறு. கொல்லையில் நின்று நாள்தோறும் கறக்கும் பொருள் வேறு. முன்னது ஆபத்திற் கழற்றிக் கொடுப்பதற்கே ஆயது. சிலம்பைத் தன்னுடையது என்று கண்ணகி வாய்திறந்து உரிமை கொண்டாடுவது கணவன் வெட்டுண்ட பின்னரே; அரசன் முன்னிலையில், அதன் பரல் மாணிக்கம் என்று சொல்லும் போது அவள் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள்! அத்தெளிவு புகாரிலே ஒரு நாழிகை முன்னே வந்திருக்கலாகாதா?

இங்கே ஒரு தடை எழுப்பலாம். மாதரி முதியவள், அவள் கணவனைப் பற்றிக் காப்பியம் பேசவில்லை, ஆண் இல்லாத வீட்டில் பெண் தீர்மானிப்பதில் வியப்பென்ன என்று கேட்கலாம். நேர்மையான தடைதான். கணவனும் இருந்து, சொத்தும் மனைவி பேரில் இருக்கும் இடத்தைப் பார்த்தாலன்றி இதற்கு விடையில்லை. அதற்காக நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் பஸ் ஏறினாற் போதும்.

நெகிரி செம்பிலானில் 'அடாட் பெர்பாத்தே' என்னும் தாய்வழி வழக்கத்தைப் பின்பற்றும் மலாய்க் கிராமங்களில், முன்னோர் வழிவந்த நெல்வயலும் மனைக்கட்டும் தாயிடமிருந்து மகளுக்கே செல்லும். 1909ஆம் ஆண்டு வழக்க நிலவுரிமைச் சட்டமும் இதனை ஏற்று, அந்நிலங்களைப் பெண்கள் பேரில் பதிவு செய்தது. கணவன் மனைவியின் ஊருக்கு வந்து குடியிருப்பான். மணவிலக்கு நேர்ந்தால் மனைவியின் பரம்பரைச் சொத்து அவளிடமே நிற்கும். இருவரும் சேர்ந்து தேடியது மட்டும் பங்காகும். மூட்டை கட்டிப் புறப்படுபவன் கணவனே. அவ்வாறு புறப்பட நேரும் என்பதை அறிந்த ஒருவன் மனைவியிடம் பேசும் குரலும், நம் லயங்களில் இரவு எட்டு மணிக்குமேல் கேட்கும் குரலும் ஒன்றாயிரா. 1951இல் ரெம்பாவில் இவ்வழக்கத்தை மாற்றி ஆடவர்க்கும் பங்கு வேண்டுமென்ற முயற்சி எழுந்தபோது, அவ்வூர்ப் பெண்கள் வாளா இருக்கவில்லை. மணவிலக்குப் பெறவும் தயங்கோம் என்று எதிர்த்து நின்றனர். பிற்காலத்தில் அங்கே தங்கி ஆராய்ந்த மேய்லா ஸ்டிவன்ஸ் என்னும் அம்மையார், வழக்கத்திற்கு உட்படாத ரப்பர்க் காணிகளுங்கூடக் காலப்போக்கில் பெண்கள் கைக்கு வந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்க: அங்கும் குலத்தலைமை ஆடவரிடமே உள்ளது, தாய்மாமன் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. பெண்ணரசு நாடு என்று கதை கட்ட நாம் முற்படவில்லை.

கணக்குக் கேட்கும் அன்பர்களுக்குக் கேரளத்திலிருந்து ஒன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தில் கிராமத்திலும் நகரத்திலும் மணமான 502 பெண்களைப் பாண்டா, பீனா அகர்வால் என்னும் இரு ஆராய்ச்சியாளர் விசாரித்து 2005இல் வெளியிட்டனர். நிலமும் வீடும் இல்லாத பெண்களில் 100க்கு 49 பேர் கணவனிடம் அடிபட்டவர்கள். நிலம் மட்டும் உடையோரில் 18. வீடு மட்டும் உடையோரில் 10. இரண்டும் உடையோரில் 7. நிலத்தைவிட வீடு அதிகம் காப்பதைக் கவனிக்க. எழுந்து போக ஓர் இடம் உண்டு என்னும் நினைவே கையை ஓங்குவோனைத் தயங்கச் செய்கிறது போலும்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் பிதிரார்ஜிதத்தில் மகளுக்கு மகனோடு ஒத்த உரிமை சட்டமாக வர 1989 ஆயிற்று. இந்தியா முழுதும் வர 2005 ஆயிற்று. இந்நாட்டில் முஸ்லிமல்லாதார்க்குரிய 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் மகன் மகள் என்று வேற்றுமை வைக்கவில்லை. ஆயினும் உயிலின்றி மனைவி இறந்தால் சொத்து முழுதும் கணவனுக்கு. கணவன் இறந்தால், பிள்ளைகள் இருப்பின், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு! 1997இல் திருத்தும் வரை இந்த நியாயம் நடந்தது.

சட்டம் இருக்கட்டும், நம் வீடுகளில் நடப்பது என்ன? மகளுக்கு நகை, மகனுக்கு வீடு. இதுவே தோட்டத்திலும் பட்டணத்திலும் நாம் காணும் வழக்கம். இருபது வருஷம் பால்மரம் வெட்டிய தாய் தன் சம்பளத்தில் சீட்டுப் போட்டு மகளுக்குச் சங்கிலியும் காப்பும் பண்ணுவாள். அவை கல்யாணத்தன்று கழுத்திலும் கையிலும் மின்னும். பிள்ளைப்பேறு, கடன், மோட்டார் சைக்கிள் என்று ஏதேனும் வந்தவுடன் அடகுக்கடைக்குப் போகும். போகும்போது அவள் கண்ணகியைப் போலவே முறுவலித்துக் கழற்றிக் கொடுப்பாள். அவளை நல்ல பெண் என்று உறவினர் மெச்சுவர். மகனுக்கு எழுதிய வீடு மட்டும் அடகுக்கடை வாசலைக் காண்பதில்லை. அதனை ஒருவர் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியாதன்றோ?

சில காலத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் தொழிலாளருக்கு வீட்டு மனை வழங்கும் மனுக்களை நாம் எழுத நேர்ந்தது. வந்தவர் யாவரும் ஆடவர். உரிமையாளர் என்ற இடத்தில் தத்தம் பெயரைச் சொல்லிக் கைரேகையோ கையொப்பமோ வைத்துப் போயினர். அவர்களுள் ஒருவருடைய மனைவி, வெட்டுக்கத்தியும் வாளியுமாய் வாசலில் நின்றிருந்தவர், "கிராணி ஐயா, அதுல ரெண்டு பேரு எழுத எடம் இருக்குங்களா?" என்று கேட்டார். கணவர் சிரித்தார். நாமும் அதுவரை அந்தத் தாளை நன்றாகப் பார்த்ததில்லை. எடுத்துப் பார்த்தோம், இரண்டு கோடு இருந்தது.