காத்திருக்கப் பழகிய கைகள்

2021 ஜூலை 26, டோக்கியோ ஒலிம்பிக். ஆடவர் 10 மீட்டர் மேடை, இணை டைவிங். பிரிட்டனின் டாம் டேலி, மாட்டி லீ ஜோடி எடுத்தது 471.81 புள்ளிகள். சீனாவின் சாவ் யுவான், சென் ஐசென் ஜோடி எடுத்தது 470.58. வெறும் 1.23 புள்ளி வித்தியாசத்தில், 2004 முதல் நான்கு ஒலிம்பிக்கிலும் சீனா விட்டுக்கொடுக்காத தங்கம் கைமாறியது. கடைசிப் பாய்ச்சலில் பிரிட்டன் ஜோடி நாலரைக் குட்டிக்கரணம் போட்டு 101.01 புள்ளிகள் அள்ளியதுதான் முடிவைத் தீர்மானித்தது.

அதற்கு ஆறு நாள் கழித்து, மகளிர் ஸ்பிரிங்போர்டு இறுதிச்சுற்றைப் பார்க்க வந்த டேலி, பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து கம்பளி நூல் பின்னிக்கொண்டிருந்தார். அந்தப் படம் உலகம் முழுக்கப் பரவியது. பதக்கம் கீறல் படாமலிருக்க அவரே பின்னிய சின்ன உறையையும் எல்லோரும் ரசித்தார்கள். என்னைக் கேட்டால், அந்த நூலும் அவருடைய ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

டைவிங் என்பது பெரும்பாலும் காத்திருக்கும் விளையாட்டு. 10 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் ஒன்றரை நொடியில் தண்ணீர் வந்துவிடும். அப்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இறுதிச்சுற்றில் ஆறு பாய்ச்சல். கூட்டிப் பார்த்தால் ஒரு வீரர் காற்றில் இருப்பது ஒன்பது, பத்து நொடிதான். மற்ற நேரமெல்லாம் தன் முறைக்காகக் காத்திருப்பதுதான். ஒலிம்பிக்கில் இணைப் போட்டிக்கும் தனிநபர் போட்டிக்கும் நடுவில் வேறு நாள்கணக்கில் இடைவெளி விழும்.

அந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை டேலி 2016 ரியோவில் பார்த்தவர். ஆகஸ்ட் 8 அன்று இணைப் போட்டியில் வெண்கலம். ஆகஸ்ட் 19 தனிநபர் தகுதிச்சுற்றில் 571.85 புள்ளிகளுடன் முதலிடம். மறுநாள் அரையிறுதியில் பதினெட்டுப் பேரில் கடைசி இடம். ஒரே இரவில் தலைகீழ்! டோக்கியோவிலும் அதே பதினோரு நாள் இடைவெளி. கொரோனா கட்டுப்பாடுகளால் விளையாட்டுக் கிராமத்தை விட்டு வெளியே சுற்றவும் வழியில்லை. ஏங்கிய தங்கம் கிடைத்த பிறகு மனம் தளர்ந்துபோகவும் வாய்ப்புண்டு. இந்த முறை அவர் சறுக்கவில்லை. ஆகஸ்ட் 7 அன்று தனிநபர் வெண்கலத்தையும் வென்றார்.

எல்லாப் பெருமையையும் நூற்கண்டுக்குக் கொடுத்துவிட முடியாது. ரியோவில் 22 வயது, டோக்கியோவில் 27. இடையில் திருமணம், மகன், 2017இல் உலகப் பட்டம், டோக்கியோவுக்குச் சில வாரங்கள் முன்பு முழங்கால் அறுவை சிகிச்சை. இத்தனையும் அவரைப் பக்குவப்படுத்தின. ஆனாலும் பதற்றத்தில் தன் புத்தியைச் சிதறவிடாமல் காத்தது பின்னல்தான் என்று டேலியே சொல்லியிருக்கிறார்.

2020 ஊரடங்கில் கற்றுக்கொண்ட வேலை அது. சும்மா உட்காரத் தெரியாதவரை உட்கார வைத்தது. கைக்கு வேலை இருக்கும். கண்ணி எண்ணுவதில் மனம் நிற்கும். கால்களுக்கும் தோள்களுக்கும் முழு ஓய்வு. கைபேசியைத் திறந்தால் வாழ்த்தும் வசையும் ஒப்பீடும் வந்து குவியும்; நூற்கண்டு எந்தக் கேள்வியும் கேட்காது. இன்னொன்று, மேடையிலிருந்து கால் பிரிந்த பிறகு பிழையைத் திருத்த வழியில்லை. பின்னலில் பிழை நேர்ந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னலாம். தப்பே செய்யக் கூடாது என்று சிறுவயது முதல் பழக்கப்பட்ட ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆறுதல் அவருக்குத் தேவைப்பட்டது. 14 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குதித்த பையன், 15 வயதில் உலக சாம்பியன். உடன் நின்ற தந்தை ராபர்ட், 2011இல் மூளைக் கட்டியால் 40 வயதில் இறந்தார். மகனுக்கு அப்போதுதான் 17 முடிந்திருந்தது. அடுத்த ஆண்டே லண்டனில் வெண்கலம். தந்தை இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, தான் பின்னிய ஆடைகளைக் கொண்டு மூளைக் கட்டி நோயாளிகளுக்கான தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டினார் டேலி. அப்பாவின் இழப்பு வேறொருவருக்கு உதவியாக மாறியது.

2024 பாரிஸிலும் கையில் நூலோடுதான் வந்தார். நோவா வில்லியம்ஸுடன் வெள்ளி வென்றார். ஐந்து ஒலிம்பிக், ஐந்து பதக்கங்களுடன் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் டோக்கியோவின் ஷிபுயாவில் அவருடைய பின்னல் படைப்புகளுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. ஓய்வுக்குப் பின் வெறுமையில் விழும் வீரர்கள் ஏராளம். டேலிக்குக் கைவசம் இன்னொரு கலை இருந்தது.

பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை எவ்வளவு நேரம் பயிற்சி செய்கிறது என்று கணக்கு வைக்கிறீர்கள். காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். பின்னலோ, ஓவியமோ, தோட்டமோ, வெற்றி தோல்வி இல்லாத ஒரு வேலை அந்தக் கைகளுக்கு இருக்கட்டும். அதைக் கவனச் சிதறல் என்று பறித்துவிடாதீர்கள்.