கண்ட படமும் கருதிய படமும்

வெப்ப இயந்திரங்களைப் பற்றித் தமிழில் வெளிவரும் பாடநூல்கள் ஒரு படத்தைத் தவறாமல் தருகின்றன. கிடைக்கோட்டில் பருமன், செங்குத்துக் கோட்டில் அழுத்தம், இடையே வளைகோடுகளால் மூடப்பெற்ற ஒரு பரப்பு. அப்பரப்பே இயந்திரம் ஒரு சுற்றில் செய்யும் வேலையின் அளவு என்பர். படம் சரியானதே. ஆயின் அதனை விளக்கும் தமிழில் ஒரு முரண் மறைந்து கிடக்கிறது. அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலேசியத் தமிழ் மாணவனுக்கு ஆறாம் ஆண்டு வரையில்தான் அறிவியல் தமிழில் கிடைக்கிறது. வெப்ப இயக்கவியலை அவன் பின்னர் மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்கிறான். அவனுக்குத் தாய்மொழியில் துணை நிற்க விரும்பும் ஆசிரியர் தமிழ்நாட்டு நூல்களையும் இலங்கை நூல்களையுமே நாட வேண்டியுள்ளது. அந்நூல்களின் சொல்லில் தெளிவில்லையாயின், தமிழே தெளிவற்றது என்று அவன் எண்ணிவிடுவான். பழி மொழிமேல் விழும்.

முதலில் படத்தின் பிறப்பை நோக்குவோம். அதற்குப் பிறப்பு இரண்டு. 1796-இல் ஜேம்சு வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன், நீராவி உருளையோடு இணைந்த ஒரு கருவியில் நகரும் தாளையும் எழுதுகோலையும் பொருத்தினார். அழுத்தம் ஏற ஏற எழுதுகோல் உயர்ந்தது. உந்துதண்டு நகர நகரத் தாளும் நகர்ந்தது. இயந்திரமே தன் படத்தைத் தானே வரைந்துகொண்டது. பினாங்குத் துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பல்களின் டீசல் இயந்திரங்களிலும் பொறியாளர்கள் இத்தகைய படத்தை எடுத்தே ஒவ்வோர் உருளையின் நலத்தையும் அறிகின்றனர்.

அதே 1796-இல் பிறந்த சாடி கார்னோ, 1824-இல் வெப்ப இயந்திரத்தின் உச்ச எல்லையை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். அவர் இப்படத்தை வரையவில்லை. 1834-இல் கிளாபேரோன் என்பவரே கார்னோவின் கருத்தை மூடிய வளைகோடாக வரைந்து காட்டினார். அது எந்த இயந்திரமும் வரைந்த படமன்று. அறிஞர் மனத்தில் எழுந்தது. முன்னதைக் கண்ட படம் என்றும், பின்னதைக் கருதிய படம் என்றும் அழைக்கலாம். பாடநூல்கள் இரண்டையும் வேறுபடுத்தாமல் ஒரே பெயரால் வழங்குவதே குழப்பத்தின் தொடக்கம்.

படத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டுமாயின், அந்நொடியில் வாயு முழுமைக்கும் ஒரே அழுத்தம் இருத்தல் வேண்டும். தடுப்பை நீக்கியதும் வெற்றிடத்துக்குள் பாயும் வாயுவுக்கு அவ்வாறு ஓர் அழுத்தம் இல்லை. ஆகவே அதற்குக் கோடும் இல்லை. கருதிய படத்துக்கு இந்த நிபந்தனை மட்டும் போதாது. வெப்பநிலையிலும் வேதி மாற்றத்திலும் கூட ஒவ்வொரு புள்ளியும் சமநிலையாக இருத்தல் வேண்டும். இதற்காகவே தமிழ்நாட்டு மேனிலைப் பாடநூல் 'மீமெது நிகழ்வு' என்னும் சொல்லை ஆள்கிறது. துலாத்தட்டில் ஒவ்வொரு மணலாக இட்டால் கோல் பெரிதும் சாயாமலே இறங்குவது போன்றது அந்நிகழ்வு. சுருங்கிய, இனிய சொல்லாக்கம்.

இனி முரணைக் காண்போம். வெப்பம் புகாமலும் வெளியேறாமலும் நிகழும் மாற்றத்தைத் தமிழ்நாட்டார் 'வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு' என்பர். இலங்கையார் 'சேறலில்லா' மாற்றம் என்பர். சேறல் என்றால் செல்லுதல். கிரேக்க மூலச்சொல்லின் பொருளும் கடந்து செல்லாமை என்பதே. இலங்கைச் சொல் மூலத்துக்கு நெருக்கமானது; தமிழ்நாட்டுச் சொல்லோ எது செல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறது. கற்பிப்பதற்குப் பின்னதே ஏற்றது. ஆனால் எச்சொல்லால் அழைப்பினும், இயந்திரத்தில் இம்மாற்றம் விரைவாக நடக்க வேண்டும். வெப்பம் கசிய நேரம் தரலாகாது என்று மாணவனுக்குச் சொல்கிறோம். மீமெதுவாக நடக்க வேண்டும் என்றும் சொல்கிறோம். விரைவா, மெதுவா? அறிவுள்ள மாணவன் இதைக் கேட்டே தீர்வான்.

விடை, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில் உள்ளது. நம் தெருவில் ஓடும் சிறு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடுகையில், ஐந்தரைச் சென்டிமீட்டர் நகரும் உந்துதண்டு விநாடிக்குச் சராசரி 11 மீட்டர் செல்லும். அழுத்த வேறுபாடோ ஒலியின் வேகத்தில் பரவும். அழுத்தப்பட்டுச் சூடேறிய வாயுவில் அது விநாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். ஆகவே அழுத்தத்தின் கணக்கில் இயந்திரம் மெதுவானது. சுவர் வழியாக வெப்பம் கசியும் கணக்கில் விரைவானது. இரு கூற்றும் மெய். இந்த ஒப்பீட்டைச் சொல்லாது விடுவதே நம் விளக்கங்களின் குறை.

எரியும் நொடியில் நிலை வேறு. தீச்சுடர் கடந்த பகுதி ஈராயிரம் பாகைக்கு மேல் கொதிக்க, சுடர் எட்டாத பகுதி சில நூறு பாகையில் நிற்கும். அழுத்தம் ஏறக்குறைய ஒன்று, வெப்பநிலை இரண்டு. அங்கே கண்ட படம் செல்லும். கருதிய படம் செல்லாது. கலவையைப் பத்தில் ஒரு பங்காக அழுத்தும் பெட்ரோல் இயந்திரத்துக்குக் கருதிய படம் ஏறத்தாழ 60 விழுக்காடு பயனுறுதிறன் தருகிறது. உண்மை இயந்திரம் பெரும்பாலும் அதில் பாதியையே எட்டும். எரிவதற்கு நேரம் பிடிப்பதாலும், சுவர் வெப்பத்தை உண்பதாலும், வெளிவழி முன்னரே திறப்பதாலும் படத்தின் கூர்மூலைகள் மழுங்குகின்றன. அந்த மழுங்கலே பொறியாளர் படிக்கும் பாடம்.

'மீமெது' என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஊசித்துளை வழியே ஓர் அறையிலிருந்து வெற்றறைக்கு வாயு மணிக்கணக்கில் கசியலாம். அது மிக மெதுவானது. எனினும் தானே மீளாது. மெதுவாக நிகழ்வதெல்லாம் மீளும் என்று மாணவன் முடிவு கட்டாதபடி காத்தல் வேண்டும்.

கார்னோ சுற்றை எழுத்துப்படி நடத்தினால் முடிவற்ற காலம் பிடிக்கும். கிடைக்கும் திறனோ சுழியம். 1975-இல் கர்சனும் ஆல்போர்னும், வெப்பம் பாய நேரம் வேண்டும் எனக் கொண்டு, மிகுந்த திறன் தரும் நிலையின் பயனைக் கணக்கிட்டனர். 600 கெல்வினுக்கும் 300 கெல்வினுக்கும் இடையே கார்னோவின் எல்லை 50 விழுக்காடு. அவர்கள் கணக்கில் 29 விழுக்காடே. கருதிய படம் பொய்யென்று இதனால் ஆகாது. முழக்கோல் துணியாகிவிடாது, ஆனால் முழக்கோலின்றித் துணியை அளக்கவும் இயலாது.

ஆகவே ஆசிரியர் அன்பர்களுக்கு மூன்று பரிந்துரைகள். படம் வரையும்போது அது கண்டதா, கருதியதா எனத் தலைப்பிலேயே எழுதுக. 'சமநிலை' என்று தனித்து நிறுத்தாமல் அழுத்தச் சமநிலை, வெப்பச் சமநிலை, வேதிச் சமநிலை எனப் பிரித்துச் சொல்க. 'விரைவு', 'மெது' என்னும் சொற்களை எதனோடு ஒப்பிட்டு என்பதைச் சொல்லாமல் ஆளற்க. புதுச்சொல் தேடி அலைய வேண்டுவதில்லை. கையிலுள்ள சொற்களை அளந்து வழங்கினாலே தமிழில் வெப்ப இயக்கவியல் தெளிவாக நிற்கும்.