திசை சொல்லத் தெரிந்த நால்வர்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து என் அக்காள் மகனும் அவனுடைய தோழர் இருவரும், சிதம்பரம் வடக்கு வீதியிலிருந்து நானுமாக, நால்வர் ஒரு குழுவாய்ச் சேர்ந்து, ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்னும் விளையாட்டை ஒரு மாத காலம் இரவுதோறும் ஆடிப் பார்த்தோம். துப்பாக்கிகளின் வகையையும் சித்திரங்களின் நேர்த்தியையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டபடியால், தூரத்தில் இருக்கும் நால்வர் ஒருமனப்பட்டு இயங்க இது தரும் சாதனங்கள் எவ்வளவு பிரயோஜனமுள்ளவை என்பதை மட்டுமே இங்கே பரிசீலிக்கிறேன்.

இதன் மூல வடிவமான பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பின், தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்றே 2021 ஜூலை 2 அன்று வெளியிட்ட இவ்விளையாட்டு, 2022 ஜூலையில் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பி வந்தது. சுமார் 100 பேர் பாராசூட்டில் இறங்க, ஜோன் என்னும் வட்டம் குறுகக் குறுக, கடைசிவரை எஞ்சும் குழுவே வெல்கிறது. எராங்கல் என்னும் மேப் 8 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ளதாகையால், பிரிந்துபோன தோழனிடம் போய்ச் சேர்வதற்குள் அவன் கதை முடிந்துவிடுவதுண்டு.

முதல் வாரத்தில் நாங்கள் தோற்றது குறி தவறியதால் அன்று, பேச்சு தவறியதாலேயே. அந்த மேப்பிலுள்ள பொச்சின்கி என்னும் ஊரின் வீடுகளின் நடுவே குண்டுகள் பாய்கையில், “மாமா, அங்க இருக்கான், அங்க!” என்று மருமகன் கத்துவான், “எங்கடா?” என்று நான் கேட்டு முடிப்பதற்குள் விழுந்து கிடப்பான். திரையின் மேல்விளிம்பில் பாகைகளைக் காட்டியபடி நகரும் திசைகாட்டியை அதுவரை ஓர் அலங்காரமாகவே எண்ணியிருந்தோம். “245, கல்லுக்குப் பின்னாடி, ஒருத்தன்” என்று சொல்லப் பழகிய பின்பு, நான்கு துப்பாக்கிகளும் ஒரே கணத்தில் ஒரே பக்கம் திரும்பின. ஆனால் குழு சிதறி நிற்கும் வேளையில் ஒருவனுக்கு 245 ஆக இருப்பது மற்றவனுக்கு 245 ஆகாது. அச்சந்தர்ப்பத்தில் உதவுவது, இடத்தைத் தொட்டுக் குறித்தவுடன் எல்லோர் திரையிலும் தூரத்தோடு தோன்றும் மார்க்கே. கடலூரில் மழை பிடித்து நெட் தளர்ந்த இரவுகளில், குரல் அறுந்து போனாலும் மார்க் வந்து சேர்ந்தது. ஆயத்த வாக்கியங்களை அனுப்பும் வசதி எங்களுக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை.

குரல் வசதி தெளிவானதுதான். ஆனால் நால்வரும் ஒருங்கே பேசினால் எதிரியின் காலடி ஓசை மட்டும் காதில் விழாது. சிதம்பரத்தில் ஆனித் தேர் வீதி முனையில் திரும்பும்போது, வடம் பிடித்தோர் ஆரவாரத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு, முட்டுக்கட்டை போடுகிறவர் ஒருவருடைய சைகையை மாத்திரமே கவனிப்பதைச் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். அதை நினைத்தே, ஆட்டக்காரர் ஐ.ஜி.எல். என்றழைக்கும் தலைவனாக மருமகனை நியமித்து, அவன் பேசுகையில் மற்றவர் மௌனம் காப்பதென்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

நாக் ஆனவனை, அதாவது குண்டடிபட்டு விழுந்தவனை, எழுப்ப ஏறத்தாழ 10 விநாடி ஆகும். ஒருவன் விழுந்ததும் பாசத்தால் ஒருவர்பின் ஒருவராக ஓடி நால்வரும் மடிந்த இரவுகள் பல. ஸ்மோக் என்னும் புகைக்குண்டு வீசுவது ஒருவன், எதிர்த்திசையைக் காப்பது ஒருவன், எழுப்புவது ஒருவன் என்று காரியத்தைப் பங்கிட்ட பின்னரே பிழைத்தோம். இதற்கெனப் பயிற்சி மைதானத்தில் தினம் கால்மணி நேரம் ஸ்மோக் எறிந்து அப்பியாசம் செய்தது, ஸ்கின் என்னும் எந்த விலையுயர்ந்த அலங்காரத்தையும்விட மேலான பலன் தந்தது.

ஆட்ட முடிவில் தனிமனிதன் வீழ்த்தியோரின் ‘கில்’ எண்ணிக்கைக்குக் கிடைக்கும் பிராதான்யம் எனக்கு உவப்பானதன்று. குழுவை விட்டுத் தனியே பாயும் ஆசையை அதுவே வளர்க்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆட இயலாதென்னும் கட்டுப்பாட்டை, மருமகனின் தம்பியை உத்தேசித்து, மனப்பூர்வமாக வரவேற்கிறேன்.

நேற்றிரவு கடைசி வட்டத்தில் இரண்டாம் இடத்தோடு நின்றோம். இன்று காலை போன் வந்தது: “மாமா, சாயங்காலம் ஸ்மோக் நீங்கதான். ஒண்ணு பத்தாது, நாலு எடுத்துக்குங்க.”