அந்தக் கை எங்கிருந்து வந்தது?

நியூயார்க் நகரத்து ஐந்தாம் அவென்யூவில், எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஹென்றி ஃபிரிக் கட்டிய மாளிகை இன்று ஓவியக்கூடமாக விளங்குகிறது. பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1845ஆம் ஆண்டில் தீட்டி முடித்த தோசன்வில் சீமாட்டியின் உருவப்படம் அங்கே இருக்கிறது. மூலத்தை நான் கண்டதில்லை. அதன் நல்லதோர் அச்சுப்படியைப் பல்லாண்டுகளாக என் மேசைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருவோர் அதைக் கண்டு சொல்லும் சொற்களே என்னை இக்கட்டுரைக்குத் தூண்டின.

நீலச்சாம்பல் நிறப் பட்டாடை அணிந்த இளம்பெண் ஒருத்தி கணப்படுப்பின் மேல்தட்டருகே நின்று, தலையைச் சற்றே சாய்த்து நம்மை நோக்குகிறாள். இடக்கை விரல் தாடையைத் தொடுகிறது. வலக்கை இடுப்பின் குறுக்கே வந்து இடமுழங்கையைத் தாங்குகிறது. பின்னாலுள்ள கண்ணாடியில் அவள் பிடரியும் கூந்தலின் செந்நிற நாடாவும் தெரிகின்றன.

முதலில் எல்லாரும், "எவ்வளவு அழகு!" என்பார்கள். என் பெரியம்மா மட்டும், "நல்ல வீட்டுப் பெண் முகவாயில் கை வைக்கலாமா? குடும்பத்துக்கு ஆகாதே" என்று வருந்தினார். பிறகு ஒரு நொடி அமைதி நிலவும். அதற்குப்பின் யாரேனும் ஒருவர் சிரிக்கத் தொடங்குவார். எலும்பு மருத்துவம் பயிலும் என் மருமகன் படத்தருகே சென்று, "மாமா, இந்த வலக்கை தோளிலிருந்து வரவில்லை, விலா எலும்பிலிருந்து முளைத்திருக்கிறது. உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்" என்றான். அவன் சொன்னது முற்றிலும் உண்மை. தோள் எங்கோ இருக்க, கை வேறெங்கோ தொடங்குகிறது. ஒருமுறை இதைக் கண்டுவிட்டவர் பிறகு காணாதிருக்க இயலாது.

இச்சிரிப்பு புதியதன்று. 1814இல் ஆங்க்ர் தீட்டிய 'பெரிய ஒடலிஸ்க்' 1819ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது, அப்பெண்ணின் முதுகில் முள்ளெலும்புகள் மிகுதி என்று திறனாய்வாளர்கள் எள்ளி நகையாடினர். மூன்று மிகை என்பது வழிவழியாக வந்த கணக்கு. 2004இல் பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர் உயிருள்ள பெண்களின் முதுகை அளந்து ஒப்பிட்டு, மூன்றல்ல, ஐந்து என்று ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். நகைச்சுவைக்கு இவ்வளவு துல்லியமான அளவுகோல் எடுத்தவர் வேறெவரும் இலர் என எண்ணுகிறேன்!

ஆங்க்ர் உடலமைப்பை அறியாதவரா? ஐயத்திற்கே இடமில்லை. பென்சிலால் அவர் வரைந்த சிற்றுருவங்களைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லார். இந்த ஒரு படத்திற்கே அவர் வரைந்து பார்த்த முன்வரைவுகள் ஏராளம். 1842இல் தொடங்கிய முதல் வடிவத்தைப் பாதியில் கைவிட்டு, நிற்கும் பாங்கை இடம் வலமாக மாற்றி மீண்டும் தொடங்கினார். நடுவே சீமாட்டி கருவுற்றதனாலும் வேலை தடைப்பட்டது. ஆக மூன்றாண்டுகள். உருவப்படம் எழுதுவதை அவர் ஒரு தொல்லையாகவே கருதினார். உரோமையில் அவர் வறுமையில் வாழ்ந்த காலத்தில், சிறு உருவப்படம் வரைபவர் வீடு இதுதானா என்று கேட்டு வந்தவரிடம், இங்கே வாழ்பவர் ஓவியர் என்று சினந்து கதவை அடைத்ததாக ஒரு கதை உண்டு.

பின் ஏன் அந்தக் கை? படத்தை மீண்டும் பாருங்கள். அக்கையை இருக்க வேண்டிய தோளில் பொருத்தி மனத்தில் கற்பனை செய்யுங்கள். முழங்கை வெளியே துருத்தும், பட்டாடையின் மடிப்புகள் உடையும், கழுத்திலிருந்து இடைவரை தடையின்றி இறங்கும் கோடு நடுவே அறுந்துபோகும். பழைய உரோமைச் சிற்பங்களில் நாணத்தின் உருவமாகச் செதுக்கப்பட்ட பெண்ணின் நிலையை ஒத்தது இது என்பர் கலை வரலாற்றார். ஒரு கை மறுகையைத் தாங்க, உடல் தன்னைத்தானே தழுவிக்கொள்ளும் நிலை. அந்தத் தழுவலுக்காக ஆங்க்ர் ஓர் எலும்பை விலைகொடுத்தார். பேரம் சரியானது என்பதே என் முடிவு. ஆயினும் சிரிப்பவரை நான் தடுப்பதில்லை. "ஆகா" என்று சொல்லி நகர்ந்தவரைவிட, "கை எங்கே?" என்று தேடியவரே படத்தின்முன் நெடுநேரம் நிற்கிறார்.

படம் முடிந்தபோது சீமாட்டியின் குடும்பத்தாரும் நண்பர்களும் பாராட்டு மழை பொழிந்தனர். முன்னாள் தலைமையமைச்சரும் பின்னாளில் பிரான்சின் குடியரசுத் தலைவருமான தியேர் படத்தைப் பார்க்க வந்தார். இப்படித் தீட்டியிருக்கிறார் என்றால் ஆங்க்ர் உங்கள்மீது காதல் கொண்டிருக்க வேண்டும் என்று சீமாட்டியிடமே பலமுறை சொல்லிக் குறும்பு செய்தாராம். அறுபத்து நான்கு வயது ஓவியர், தாம் அப்போது அங்கில்லை என்ற குறிப்போடு, இதை நண்பருக்கு மடலில் எழுதி மகிழ்கிறார்.

புகழ்ந்தவர்களும் நகைத்தவர்களும் கேளாத வினா ஒன்றுண்டு: இவள் யார்? லூயிஸ் என்பது அவர் பெயர். பிறந்தது 1818இல். நெப்போலியனை எதிர்த்து நாடு கடத்தப்பட்ட எழுத்தாளர் மதாம் த ஸ்தாலின் மகள் வயிற்றுப் பேத்தி. அயர்லாந்து விடுதலைக்காக 1803இல் தூக்கிலேறிய ராபர்ட் எம்மெட் பற்றியும், கவிஞர் பைரனின் இளமை பற்றியும் நூல்கள் எழுதியவர். அவற்றில் தம் பெயரை அச்சிடவில்லை. தாம் பிறரைக் கவரவும், கவர்ந்தபின் அவர்களை வருத்தவும் பிறந்தவர் என்ற பொருள்பட, அச்சேறாத தன்வரலாற்றில் தம்மையே எழுதினார். இவ்வளவு அறிவும் தன்னறிவும் படத்தில் உண்டா? கணப்படுப்பின் தட்டில் பூக்களும் பூச்சாடிகளும் சந்திப்பு அட்டைகளும் நாடகக் கண்ணாடியும் இருக்கின்றன. புத்தகமோ எழுதுகோலோ இல்லை. இங்கே ஓவியர் மீது எனக்குக் குறையுண்டு. பட்டுக்கும் பூச்சாடிக்கும் தந்த அதே உழைப்பைத்தான் முகத்துக்கும் தந்தார். எனினும் அக்கண்கள் நம்மைச் சும்மா விடுவதில்லை. நாம் பார்க்கப்படுகிறோம், அதுவும் சற்று ஏளனமாக.

லூயிசின் தம்பி அல்பேர் த புரோய். அவர் மனைவி பவுலினை 1851க்கும் 1853க்கும் இடையே இதே ஆங்க்ர் தீட்டினார். அங்கும் நீலப்பட்டு, அங்கும் எலும்பின்றி வழியும் தோள்கள். ஆனால் பவுலினின் பார்வை நம்மைத் தேடவில்லை. ஆழ்ந்த இறைப்பற்றும் கூச்சமும் மிக்கவர் அவர். ஐந்து ஆண்மக்களின் தாய். கிறிஸ்தவ நற்பண்புகளைப் புனிதர்களின் வாழ்க்கை வழியே விளக்கும் அவருடைய எழுத்துகள் அவர் மறைவுக்குப் பின்னரே மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. 1860இல், முப்பத்தைந்து வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அல்பேர் பின்னர் பிரான்சின் தலைமையமைச்சரானார். மனைவியின் படத்துக்கு மட்டும் திரையிட்டே வைத்திருந்தார். உலகம் வியந்து நகைத்த ஓவியரின் படைப்பு, ஒரு வீட்டில் யாருடைய வியப்பையும் நகைப்பையும் வேண்டாமல் இருந்தது.

அப்படமும் கடல் கடந்தது. 1975 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உடைமையாயிற்று. அதே ஐந்தாம் அவென்யூதான். நாத்தனாரின் இல்லத்திலிருந்து பன்னிரண்டு தெருக்கள் வடக்கே. திரை இப்போது இல்லை. எவரும் அருகே சென்று அவர் தோளைக் குறித்துப் பேசலாம்.