காப்பு என்னும் சொல்

தமிழில் ஒரு நூலைத் தொடங்கும் புலவர் முதலில் காப்புச் செய்யுள் பாடுவார். எடுத்த பணி இடையூறின்றி முடியவேண்டும் என்பது அதன் கருத்து. நூலைக் காக்கும் பொறுப்பைத் தெய்வத்திடம் ஒப்படைத்த பின்னரும், எழுத்தாணியையும் ஏட்டையும் அவர் தம் கையிலேயே வைத்திருந்தார் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளவேண்டும். இன்று வீட்டுக் கணினியைத் திறப்போரும் ஒரு காப்பினை எதிர்கொள்கின்றனர். ஆங்கிலத்தில் ‘பேக்கப்’ எனப்படும் அதனைத் தமிழாக்குவோர் காப்பு என்றும் காப்புப் படி என்றும் எழுதுகின்றனர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோசுடன் சேர்ந்தே வரும் ஒன்டிரைவ் என்னும் மேகச் சேமிப்பு, இந்தச் சொல்லைச் சொல்லியே வீட்டிற்குள் நுழைகின்றது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே உள்ள தொலைவை அளப்பது திறனாய்வின் முதற்கடன். கவிதைக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என அக்கடன் மாறுவதில்லை.

இதனை ஆராயப் பினாங்குத் தீவின் பாயான் பாரு மிகவும் பொருத்தமான இடமாகும். 1969 இல் அமைந்த பினாங்கு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய புதுநகர் அது. அதனை அடுத்த பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தில், 1972 இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் தொடங்கியது. கணினியின் உள்ளுறுப்புகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே பொருத்தப்பட்டும் சோதிக்கப்பட்டும் உலகெங்கும் செல்கின்றன. பகல் வேலை, இரவு வேலை என்று மாறிமாறி அங்கே சென்றுவந்த தமிழர் குடும்பங்கள் பல. (மலாயில் பாயான் என்பது கிளி, பாரு என்பது புதிது, லெப்பாஸ் என்பது விடுபட்டது. கூட்டை விட்ட கிளியின் பெயரைத் தாங்கிய ஊரில் சேமிப்பைப் பற்றிப் பேசுவது ஒரு வேடிக்கைதான்.) சில்லுகளைச் செய்து அனுப்பிய ஊரிலேயே, தாம் எழுதிய கடிதம் எந்தச் சில்லில் கிடக்கிறது என்று ஒருவருக்குத் தெரியாமற்போவது சிந்திக்கத்தக்கது.

அந்நகரின் அடுக்குமாடி வீடொன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கிறார் என்று கொள்வோம். பல்லாண்டுகளாக எழுதிய சிறுகதைகளைப் பழைய பத்திரிகை நறுக்குகளிலிருந்து தட்டச்சு செய்து, கணினியின் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் சேர்த்து வைத்திருக்கிறார். மலேசியத் தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை இது சிறிய செய்தியன்று. 1924 இல் தோன்றிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 இல் நின்றது. ஞாயிறு மலர்களில் வெளிவந்து நூலாகாமற்போன படைப்புகளுக்கு, எழுதியவர் வீட்டுப் பெட்டியே பல நேரங்களில் ஒரே நூலகம். அத்தகைய பெட்டியின் இன்றைய வடிவமே அந்தக் கோப்புறை.

அவர் புதிய கணினி ஒன்று வாங்குகிறார். விண்டோஸ் 11 இன் வீட்டுப் பதிப்பு, அமைக்கும்போதே மைக்ரோசாப்ட் கணக்கொன்றைக் கேட்கின்றது. கணக்கு அமைந்ததும் ஒன்டிரைவும் உடன் வந்துவிடுகிறது. 2024 ஆம் ஆண்டின் நடுவிலோ, புதிதாக அமைக்கப்படும் கணினிகளில் கோப்புறைக் காப்பு வெளிப்படையாகக் கேளாமலே இயங்கத் தொடங்குவதைத் தொழில்நுட்ப இதழ்கள் சுட்டிக்காட்டின.

இனி, அக்காப்பின் செயல் யாது? ‘டெஸ்க்டாப்’, ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ ஆகிய மூன்று கோப்புறைகளும் ஒன்டிரைவுக்குரிய கோப்புறைக்குள் குடிபெயர்கின்றன. பெயர்ப்பலகை பழைய வாசலிலேயே தொங்க, வீடு மாறிவிடுகிறது. 2017 முதல் உள்ள மற்றொரு வசதியின்படி, ஒரு கோப்பின் பெயர் மட்டும் கணினியில் நிற்க, அதன் உள்ளடக்கம் தொலைவிலுள்ள கிடங்கில் இருக்கலாம். பெயரருகே நீலநிற மேகக் குறி தோன்றினால் பொருள் கையில் இல்லை என்று அறியவேண்டும். இணையம் அறுந்த நாளில் ஆசிரியர் தம் கதையைத் திறக்க முயன்றால் கதை வாராது. தலைப்பு மட்டுமே நிற்கும். கணினியில் இடம் போதவில்லை என்று எண்ணி ஒரு கோப்பை அழித்தால், கிடங்கிலிருந்தும் அது நீங்கும். தனியாள் கணக்கில் 30 நாள்கள் குப்பைத்தொட்டியில் தங்கும். பின்னர் அதுவும் இல்லை. மூலத்தை அழித்தால் தானும் அழியும் ஒன்றைக் காப்புப் படி என்று எந்த ஏடெழுதுவோனும் ஒப்பமாட்டான்.

தமிழில் ‘படி’ என்ற சொல் தெளிவானது. மூலம் உடையவரிடத்தில் இருக்க, அதனைப் பார்த்து எழுதிய மற்றொன்றே படி. உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வெவ்வேறு இடங்களில் கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டே பாடங்களை வரையறுத்தார். ஒரு படியில் செல்லரித்த இடத்தை மற்றொரு படி நிரப்பிற்று. ஒன்றன் கேடு மற்றொன்றைத் தொடாதபடி அவை தனித்தனியே இருந்தமையால்தான் அப்பணி கைகூடிற்று. ஏடு கைமாறினால் அதற்கு இரவல் என்று பெயர்; திரும்பாவிடின் அதற்கும் வேறு பெயர் உண்டு. ஒன்டிரைவின் கோப்புறைக் காப்பு இவற்றுள் எதனோடும் முற்றும் பொருந்தாது. அதற்கு நேர்மையான பெயர் இடமாற்றம் என்பதே.

‘மேகம்’ என்ற உருவகமும் ஆராயத்தக்கது. முகில், எழிலி, கொண்மூ, கார் என்று பல பெயரிட்டுப் போற்றிய நம் மரபு, கைம்மாறு கருதாத கொடைக்கு மேகத்தை உவமையாக்கியது. இந்த மேகமோ 5 கிகாபைட் வரை இலவசமாகக் கொள்ளும். அதற்குமேல் கட்டணம் கேட்கும். முன்பு 15 கிகாபைட்டாக இருந்த அளவு 2016 இல் இவ்வாறு சுருங்கிற்று. பேரப்பிள்ளைகளின் படங்களே அதனை நிரப்பப் போதும். 2023 பிப்ரவரி முதல் அவுட்லுக் மின்னஞ்சலின் இணைப்புகளும் அதே கணக்கில் சேர்வதால், கிடங்கு நிரம்பியவர்க்கு அஞ்சல் வருவதும் போவதும் தடைபடலாம். கொடையாளியின் பெயரைச் சூடிய வாடகைக் கிடங்கு என்பதே உண்மை.

ஆயினும் வேறிடத்துப் படி வேண்டாம் என்பார் வரலாறு அறியாதவர். 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறு படி இல்லாத சுவடிகளும் சாம்பலாயின. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைத் தாக்கிய புயல்மழை வீடுகளுக்குள் புகுந்தபோது, கீழ்த்தட்டில் இருந்த பெட்டிகள் என்னவாகியிருக்கும் என்பதை விரிக்க வேண்டுவதில்லை. வீட்டில் மட்டும் வைத்தலும் ஆபத்தே. ஆனால் 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டமும் செய்வது வேறு. அங்கே கொடுப்பவர் அறிந்து கொடுக்கிறார். மூலம் அவரிடமே தங்குகிறது. யாரும் மேலும் படி எடுக்கலாம். தொலைவில் வைப்பது குற்றமன்று. உடையவர் அறியாமல் மூலத்தைப் பெயர்த்துவிட்டு அதனைப் படி என்று அழைப்பதே குற்றம்.

இவ்வேற்பாட்டின் இயல்பு, அதனை நிறுத்தும்போதுதான் முழுமையாக வெளிப்படுகின்றது. நுழைய ஓர் அழுத்தம் போதும். சில வேளை அதுவும் வேண்டா. வெளியேறவோ வரிசை தவறாத பல படிகள் வேண்டும். ஆசிரியர் நேரே சென்று காப்பை நிறுத்தினால், பல பதிப்புகளில் ‘டாக்குமென்ட்ஸ்’ வெறுமையாகக் காட்சியளிக்கும். கோப்புகள் ஒன்டிரைவின் கோப்புறையிலேயே தங்கிவிட, அவற்றுக்கு வழிகாட்டும் சிறு குறியொன்றே மிஞ்சும். வாழ்நாள் எழுத்தெல்லாம் போயிற்று என்று அவர் அஞ்சுவதில் வியப்பில்லை. அஞ்சி மீண்டும் காப்பை இயக்குவோரும் உண்டு. அச்சத்தால் பெற்ற இசைவை இசைவென்று கொள்ளலாகாது.

ஆகவே முதலில் ஒன்டிரைவ் கோப்புறையின் மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘எப்போதும் இச்சாதனத்தில் வைத்திரு’ என்று பொருள்படும் கட்டளையைக் கொடுக்கவேண்டும். மேகக் குறிகள் அனைத்தும் பச்சைக் குறிகளாக மாறும்வரை பொறுத்தல் வேண்டும். அடுத்து எல்லாவற்றையும் வெளி வன்தட்டொன்றில் படியெடுத்தல் நன்று. அதன் பின்னரே, திரையின் கீழ் மூலையிலுள்ள மேகப் படத்தின் வழியே அமைப்புகளுக்குச் சென்று, ஒவ்வொரு கோப்புறையின் காப்பையும் நிறுத்தவேண்டும். ஒன்டிரைவின் உள்ளே தங்கிய கோப்புகளைப் பழைய ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறைக்குக் கொண்டுவருவது அடுத்த வேலை. நகர்த்தினால் கிடங்கிலிருந்தும் நீங்கும். படியெடுத்தால் அங்கும் இருக்கும். எது வேண்டும் என்பதை உடையவரே முடிவு செய்யலாம். கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பின், கணினிக்கும் கணக்குக்கும் உள்ள இணைப்பைத் துண்டித்து, விரும்பினால் அந்நிரலையும் நீக்கிவிடலாம்.

வெளி வன்தட்டு எஞ்சியிருக்கிறது. அதை அதே கணினி மேசையில் வைத்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த்தில் மகளோ மருமகனோ இருந்தால், அடுத்த தீபாவளிக்குப் போகும்போது பலகாரப் பையோடு அதனையும் கொண்டுபோய் அவர்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்து வரலாம்.