இல்லாமையை மறைக்கும் இயல்பு மதிப்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், மயிலாப்பூர் சபை ஒன்றுக்காகத் தி.நகரில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்தில் லாராவெல் என்னும் வலைத்தளக் கட்டமைப்பைக் கொண்டு நாங்கள் கட்டிக்கொடுத்த டிக்கெட் தளத்தில், மாலை 4.30 மணிக் கச்சேரி காலை 11.00 மணிக்கு என்று காட்டப்பட்டிருந்தது. எங்கள் கணினிகளில் சரியாக இருந்த நேரம் சர்வரில் மட்டும் ஐந்தரை மணி பின்தங்கியதன் காரணத்தைத் தேடிச் சென்றபோதுதான், தளத்தின் அமைப்புகளைக் கொண்ட கான்ஃபிக் கோப்புகள் ஏற்றப்படும் முறையின் குணதோஷங்களை ஆழ்ந்து சிந்திக்க நேர்ந்தது.

லாராவெல் முதலில் ‘டாட் என்வ்’ என்னும் கோப்பைப் படித்து, பின்பு கான்ஃபிக் ஃபோல்டரிலுள்ள பிஎச்பி கோப்புகளை வரிசையாக ஏற்றி, ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அதிலுள்ள விவரங்களுக்குத் தலைப்பாக்கிக்கொண்ட பின்னரே ஏனைய காரியங்களில் இறங்குகிறது. இடத்துக்கு இடம் மாறும் அமைப்புகள் நிரலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று 2011-இல் ஹெரோக்கு நிறுவனப் பொறியாளர்கள் வகுத்த சித்தாந்தத்துக்கு இணங்க, 2015-இல் வந்த லாராவெல் 5 டாட் என்வ் கோப்பை வழக்கமாக்கிற்று. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு முதலிய இரகசியங்கள் நிரலோடு கலந்து பலர் கைக்குப் போகாமல் இருப்பதும், ஒரே நிரல் எங்கள் மேஜையிலும் சபையின் சர்வரிலும் மாற்றமின்றி ஓடுவதும் இம்முறையின் மறுக்கவொண்ணாத சிறப்புக்கள்.

ஆனால், வேகத்தின் பொருட்டு ‘கான்ஃபிக் கேஷ்’ கட்டளையைக் கொடுத்துவிட்டால், கோப்புகள் யாவும் ஒன்றாகத் திரட்டப்பட்டு, அதன்பின் டாட் என்வ் கோப்பு ஏற்றப்படுவதே இல்லை. நாங்களோ நேரமண்டலத்தைக் கான்ஃபிக் கோப்பின் வழியாகக் கேளாமல், பக்கத்தை உருவாக்கும் நிரலிலேயே ‘என்வ்’ சார்பை நேராக அழைத்து, மதிப்பு கிடைக்காவிட்டால் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரம் என்று இயல்பு மதிப்பும் கொடுத்திருந்தோம். கேஷ் இல்லாத எங்கள் கணினிகளில் ‘ஏசியா/கொல்கத்தா’ கிடைத்தது, சர்வரில் கிடைக்கவில்லை, இயல்பு மதிப்பு அந்த இல்லாமையை மௌனமாக மூடிவிட்டது.

பிழை எங்களுடையது என்பதில் ஐயமில்லை. எனினும் அதைப் பொறுத்துக்கொண்டு போகும் சுபாவம் அம்முறையிலேயே இருக்கிறது. டாட் என்வ் கோப்பே காணாமற்போனாலும், அதை ஏற்றும் கட்டத்தில் லாராவெல் ஆட்சேபிப்பதில்லை. அதைப் படிக்கும் துணை நூலகத்தில் இன்ன மதிப்புகள் கட்டாயம் வேண்டும் என்று விதிக்கும் வசதி இருந்தும், லாராவெல் தானாக அதைப் பயன்படுத்துவதில்லை. புதிதாகக் கற்பவருக்கு எதையும் நிரப்பாமலே தளம் ஓடிக் காட்டுவது பேருதவிதான். பக்கத்துக்கு எத்தனை வரிகள் என்பது போன்ற அற்ப விஷயங்களுக்கு இயல்பு மதிப்பு உத்தமமே. நேரம், பணம், இரகசியம் ஆகியவற்றில் மட்டும் அது அபாயம்.

கச்சேரி தொடங்குமுன் தம்புராவின் நான்கு தந்திகளையும் மீட்டிப் பார்த்து, ஒன்று விலகியிருந்தாலும் சேர்த்த பிறகே பாட வாயெடுப்பது நம் சம்பிரதாயம். அதைப் போலவே, அன்றிரவே நேரமண்டலத்தைக் கான்ஃபிக் கோப்புக்குள் கொண்டுபோய் வைத்து, அவசியமான மதிப்புகளில் ஒன்று குறைந்தாலும் புதிய பதிப்பு சர்வரில் ஏறாதபடி ஒரு சோதனையை எழுதினோம். இரண்டாவதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.